நந்தி தெரியாத அணை

எங்கள் ஊர் மேட்டூர். அணை நிரம்பினாலும் செய்தி, வற்றினாலும் செய்தி. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டுவிட்டால் 16 கண் மதகைப் பார்க்கச் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மீன் வறுவல் கடைகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. வற்றினால் கூட்டம் பண்ணவாடிப் பக்கம் திரும்பும். அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் அப்போதுதான் வெளியே தலைகாட்டும். 1925இல் ஆரம்பித்து 1934இல் முடித்த அணை அது. எங்கள் கொள்ளுத்தாத்தா வீடும் உள்ளேதான் கிடக்கிறது என்று அப்பா சொல்வார். எந்த இடம் என்று கேட்டால் தண்ணீருக்கு நடுவே எங்கோ கையைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் வேறு திசையில்.

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில், உறைந்த ஏரிகளைப் படமெடுக்கப் போன கதையைச் சொல்ல உட்கார்ந்தால் மேட்டூர் வந்து முன்னால் நிற்கிறது. காரணம் போகப்போகத் தெரியும்.

கால்கரிக்கு வந்த முதல் இரண்டு குளிர்காலத்தையும் ஜன்னலுக்கு உள்ளே இருந்தே கழித்தேன். கணக்கு எழுதும் வேலை. காலையில் இருட்டில் போய் மாலையில் இருட்டில் திரும்புவேன். நவம்பர் முதல் மார்ச் வரை சூரியனை அலுவலகக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன் என்றால் கொஞ்சம்தான் மிகை. மூன்றாவது வருடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். வாங்கியதற்கு ஒரே காரணம், விற்றவர் பக்கத்துத் தெருக்காரர். அவர்தான் போகிற போக்கில், நூலகத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இயற்கைப் படக்காரர்கள் கூடுவதாகச் சொன்னார்.

போனேன். முப்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். எனக்கு முதல் சிக்கல் படத்தில் வரவில்லை, பெயரில் வந்தது. எழுபத்தைந்து வயதுக்காரரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அங்கே அதுதான் வழக்கம், அவரும் அதைத்தான் விரும்புவார். ஆனாலும் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் மரியாதையை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? கடைசியில் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வெளியே பெயர், மனதுக்குள் பெரியவர். மருத்துவமனையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், மனதுக்குள் நர்ஸம்மா. இந்தக் கட்டுரையிலும் அப்படியே வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் லேசில் பாராட்டுவதில்லை. ஒருவர் படத்தைத் திரையில் போடுவார், விளக்கை அணைப்பார்கள், ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பிப்பார்கள். நான் கொண்டுபோன மூன்று படமும் பனி மூடிய ஆற்றங்கரை. எடுக்கும்போது கண் கூசிய வெள்ளை, திரையில் துவைக்காத வேட்டி நிறத்தில் நின்றது. பெரியவர்தான் வாயைத் திறந்தார். கேமராவுக்கு வெள்ளை தெரியாது என்றார். எதைக் காட்டினாலும் அது ஒரு நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். கறுப்பு எருமையைக் காட்டினாலும் சாம்பல், பனியைக் காட்டினாலும் சாம்பல். அதனால் பனிக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, நாமாகவே ஒன்று, ஒன்றரை, சில சமயம் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கையேட்டை எத்தனை முறை புரட்டியும் பிடிபடாத விஷயம் இரண்டு நிமிடத்தில் பிடிபட்டது. எருமை உதாரணம் என்னுடையது, அவர் கரடி என்றார்.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. ஒருவர் வெண்ணாந்தை ஒன்றின் அற்புதமான படத்தைக் காட்டினார். எந்த இடம் என்று ஆர்வத்தில் கேட்டுவிட்டேன். கூடம் முழுக்க அமைதி. ஆந்தை இருக்கும் இடத்தை இவர்கள் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் இருபது கார் நிற்கும், எலியைத் தூண்டிலாகப் போட்டு ஆந்தையை வரவழைத்துப் படமெடுக்கிறவர்களும் அதில் இருப்பார்கள். பனிக்கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தானோ என்னவோ, ஜனவரி பிறந்தால் எல்லோரும் ஐஸ், ஐஸ் என்று பறப்பார்கள். ஐஸ் என்றால் பெரும்பாலும் ஆபிரகாம் ஏரி.

கால்கரியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ராக்கி மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில், 11ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. நார்டெக் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரைத் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். நாங்கள் ஆறு பேர் மூன்று காரில், காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நின்றோம். மைனஸ் 27. சூரியன் எட்டே முக்காலுக்குத்தான் வரும்.

கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவனை நர்ஸம்மா தோளைப் பிடித்து நிறுத்தினார். முதலில் பாடம். பூட்ஸின் அடியில் இரும்பு முள் மாட்டியாக வேண்டும். கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகள் தொங்க வேண்டும். விழுந்தால் ஐஸின் விளிம்பில் அதைக் குத்திக்குத்தி மேலே ஏறுவதற்கு. அப்புறம் ஒன்று-பத்து-ஒன்று கணக்கு. உறைநீரில் விழுந்தவுடன் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, முதல் ஒரு நிமிடம் அதை அடக்குவது மட்டும்தான் வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி ஆடும், வெளியே வருவதென்றால் அதற்குள் வர வேண்டும். குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பலரும் நினைப்பதுபோல் விழுந்த இரண்டாவது நிமிடமே குளிர் ஆளைக் கொல்வதில்லை, பதற்றம்தான் கொல்கிறது என்றார். இந்தக் கணக்கைப் பரப்பியவர் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட். ஆராய்ச்சிக்காகத் தானே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறங்கியவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் உண்டு. தமிழில் சொன்னால் குச்சி ஐஸ் பேராசிரியர்.

பெரியவர் கையால் சுற்றும் துளைப்பானை எடுத்து ஐஸில் ஓட்டை போட்டு அளந்தார். 41 சென்டிமீட்டர். தனியாக நடக்க 15 சென்டிமீட்டர் வேண்டும் என்பது கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. அதுவும் கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸுக்கு. பால் நிறத்தில் வெளுத்திருந்தால் பலம் பாதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பல் நிறத்தில் ஊறிப்போய் இருந்தால் காலே வைக்கக் கூடாது. இத்தனையும் கேட்டு முடிப்பதற்குள் கிழக்கே வெளுத்துவிட்டது. எனக்கோ விடியலின் முதல் வெளிச்சம் போகிறதே என்று வயிற்றெரிச்சல்.

ஐஸின் மேல் முதல் பத்தடி நடந்தபோது என் கால் எனக்குச் சொந்தமாக இல்லை. கீழே பார்த்தால் கறுப்பு. கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகத் தட்டுகள். ஒன்றின் கீழ் ஒன்றாக, இட்லிக் கொப்பரைக்குள் தட்டு அடுக்கிய மாதிரி. சில்லறைக் காசு அளவில் சில, சாப்பாட்டுத் தட்டு அளவில் சில. இதற்காகத்தான் உலகெங்கிருந்தும் இங்கே வருகிறார்கள்.

விஷயம் இதுதான். ஏரியின் அடியில் மக்கும் செடிகொடிகளை, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. வாயு குமிழியாக மேலே வருகிறது. கோடையில் வெளியே போய்விடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். குளிர்காலத்தில் மேலே ஐஸ் மூடி போட்டிருக்கிறது. குமிழி மூடியில் முட்டிப் பரந்து நிற்கும். ஐஸ் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே வந்து அதை விழுங்கிவிடும். அடுத்த குமிழி அதற்குக் கீழே வந்து நிற்கும். ஆக, மேலே இருப்பதுதான் மூத்தது. ஒரு அடுக்கை மேலிருந்து கீழாகப் பார்த்தால் டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு வந்துவிடலாம். கீழே போகப்போக ஐஸ் வளரும் வேகமும் குறையும். ஏற்கெனவே உறைந்த ஐஸே கம்பளி மாதிரி கீழே இருக்கும் தண்ணீரைக் குளிரிலிருந்து மறைத்துக்கொள்கிறது. அதே குளிரில் தடிமன் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் நாள் நான்கு மடங்காக வேண்டும்.

இன்னொரு சௌகரியம், காற்று. இந்தப் பள்ளத்தாக்கில் வீசுகிற காற்று விழுகிற பனியையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும். வேறு ஏரிகளிலும் குமிழி உண்டு, பேன்ஃப் பக்கத்து வெர்மிலியன் ஏரிகளில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே பனி மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது. எங்கள் குழுவிலும் ஒருவர் துடைப்பம் கொண்டுவந்திருந்தார். பெருக்கலாமா கூடாதா என்று ஏரி நடுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. பெருக்கினால் அது இயற்கையா? நான் வாயைத் திறக்கவில்லை. மார்கழியில் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற ஊர்க்காரனுக்கு அதில் என்ன தப்பு என்று புரியவில்லை.

காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. நர்ஸம்மா ட்ரைபாடை நிறுத்திவிட்டுக் கையுறையைச் சரிசெய்யத் திரும்பினார். கேமராவோடு ட்ரைபாட் புறப்பட்டுவிட்டது. மூன்று காலையும் விரித்தபடி, விழாமல், வழுக்கிக்கொண்டே முப்பது அடி போனது. துரத்திப் பிடித்தது நான்தான். குழுவில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

படமெடுக்கப் படுக்க வேண்டும். வயிறு ஐஸில் பட, லென்ஸ் ஐஸுக்கு ஒரு சாண் உயரத்தில். 16 மில்லிமீட்டர் லென்ஸில் பக்கத்துக் குமிழி குடை அளவு விரியும், பின்னால் மலை சின்னதாக நிற்கும். லென்ஸின் முன்னால் போலரைசர் கண்ணாடி. அதை விரலால் மெதுவாகத் திருப்பத் திருப்ப, ஐஸின் மேல் மினுங்கிக்கொண்டிருந்த வானத்தின் பிம்பம் கரைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று உள்ளே எல்லாம் தெரிந்துவிடும். கிணற்று மேல் மூடியிருந்த தகரத்தை இழுத்த மாதிரி. அந்த நொடி எனக்கு ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டில் ஒன்று ஓடும், குளிர் அல்ல. பார்க்கிற கோணம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். ஐஸின் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி சாய்வாகப் பார்க்க வேண்டும். செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் போலரைசரால் ஒரு பயனும் இல்லை. அகல லென்ஸில் இன்னொரு தொல்லை, வானம் ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளுத்தும் வரும். அதனால் நான் முழுதாகத் திருப்பமாட்டேன், முக்கால்வாசியில் நிறுத்திவிடுவேன்.

பக்கத்துக் குமிழிக்கு ஒரு ஃபோகஸ், நடுவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று மூன்று படம் எடுத்துப் பிறகு கணினியில் சேர்க்க வேண்டும். மூன்றாவது படத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். குளிரில் பேட்டரி காலியாவதில்லை, மயங்கிவிடுகிறது. எடுத்துச் சட்டைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் பாதி உயிர் திரும்பும். நான் எப்போதும் இரண்டு பேட்டரியை உடம்போடு வைத்துக்கொள்கிறேன், ஊரில் பாட்டி சுருக்குப்பையை வைத்திருப்பதைப் போல. மூச்சு வேறு எதிரி. வியூஃபைண்டரில் ஒரு முறை மூச்சு பட்டால் அது உறைந்து ஒட்டிவிடும், நகத்தால் சுரண்ட வேண்டும்.

ஒன்பது மணிவாக்கில் ஏரி பேச ஆரம்பித்தது. வெயில் பட்டதும் ஐஸ் விரியும், விரிய இடமில்லாமல் எங்கோ வெடிக்கும். அந்தச் சத்தம் ஐஸ் வழியே ஓடி வரும்போது கீச்சுக்குரல் முந்திக்கொள்ளும், தடித்த குரல் பின்னால் வரும். சின்ன வயதில் மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் கல்லால் அடித்தால் 'ட்யூங்' என்று வருமே, அச்சு அசல் அதுதான். ஆனால் கம்பி நாம் படுத்திருக்கிற தரைக்குள் இருக்கிறது. என் வயிற்றுக்குக் கீழே நேராக ஒரு கோடு ஓடியது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். பெரியவர் தலையைக்கூடத் திருப்பாமல், அது பாட்டுக்குப் பாடட்டும், நீ படமெடு என்றார்.

சரி, இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. விழுந்தது திரும்பி வரும்போது.

கரைக்குப் பத்தடி இருக்கும். வேலை முடிந்தது, ஃபிளாஸ்க்கில் காபி காத்திருக்கிறது என்ற நினைப்பில் நடந்தேன். 'மளுக்'. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. ஒன்று-பத்து-ஒன்று எதுவும் நினைவுக்கு வரவில்லை, வாயில் வந்தது 'அம்மா' மட்டும். இரண்டு நொடி கழித்துத்தான் உறைத்தது, கால் நனையவில்லை. குனிந்து ஓட்டை வழியே பார்த்தேன். கீழே தண்ணீரே இல்லை. கூழாங்கல்லும் உறைந்த சேறும் கிடந்தன. அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம். அதற்கு மேல் கூரை மாதிரி ஐஸ். வீட்டின் ஓட்டுக்கூரையில் நடந்து கால் சிக்கிக்கொண்டவன் மாதிரி நின்றிருந்தேன்.

நர்ஸம்மா காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிராய்ப்புதான் என்றார். பெரியவர் சிரித்தார். கரையோரம்தான் இந்த ஏரியில் மோசம் என்று காலையிலேயே சொன்னாராம், நான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். ஏரி உறைந்த பிறகும் மின்சாரத்துக்காகத் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள், குளிர்காலத்தில் மலையிலிருந்து வரத்து சொற்பம், அதனால் மட்டம் இறங்கும். நடுவில் இருக்கிற ஐஸ் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும். கரையில் இருப்பது மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

"மின்சாரத்துக்கா? இது அணையா?"

ஆமாம் என்றார். 1972இல் வடக்கு சஸ்காட்செவன் ஆற்றின் குறுக்கே கட்டிய பிக்ஹார்ன் அணை. இது அதன் நீர்த்தேக்கம்.

மேட்டூர்க்காரன் நான். ஏரி என்ற பெயரை நம்பி, அணைத்தண்ணீரின் மேல் அரை நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் கேமராவைப் பையோடு கட்டிவைத்தேன். வெளியிலேயே காற்றுப்புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அப்புறம்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அறைச்சூட்டில் லென்ஸுக்குள் வியர்த்துவிடும். அதனால் அம்மாவுக்கு அனுப்பியது போனில் எடுத்த படங்களைத்தான். அங்கே காலை பத்தரை மணி, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு, தண்ணி மேலயா படுத்திருக்கிற?"

"தண்ணி இல்லம்மா, ஐஸு. ஒன்னரை அடிக்குக் கொஞ்சம் கம்மியா கெட்டியா இருக்கும்."

"அது எத்தனை அடியோ. இந்த வெள்ளை வெள்ளையா என்னது?"

சொன்னேன். அடியில் அழுகுகிற செடி, வாயு, குமிழி, எல்லாம். அணை என்றும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கீரைத்தண்டு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அடியில எந்த ஊரு?"

எனக்குத் தெரியாது. படத்தை இத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், எந்தக் கோணம், எந்த லென்ஸ், எந்த மாதம் என்று எல்லாம் தெரியும். இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை. மேட்டூரில் வளர்ந்தவனுக்கே தோன்றவில்லை.

தேடிப் படித்தேன். அந்த இடத்தின் பெயர் கூட்னே சமவெளி. மலைக்கு நடுவே பனி குறைவாக விழுகிற, குதிரை மேய்க்க வாகான புல்வெளி. ஸ்டோனி நகோடா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அணை கட்டியபோது அதன் ஒரு பகுதி மூழ்கியது. வீடுகளும் கல்லறைகளும் மேய்ச்சல் நிலமும் உள்ளே போயின. அந்த மக்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஏரிக்கு வைத்த பெயர் மட்டும் அவர்களில் ஒருவருடையது. சைலஸ் ஆபிரகாம், அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஸ்டோனி நகோடாக்காரர். நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரைத் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர்க் கணக்கு என்று தெரியவில்லை. கணக்கு எழுதுகிறவன் என்பதால் கேட்கிறேன்.

இன்னொரு பெயரும் கிடைத்தது. மேரி ஷேஃபர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்து இந்த மலைகளில் குதிரையில் அலைந்த புகைப்படக்காரர், கணவரை இழந்தவர். எடுத்த படங்களைக் கண்ணாடித் தகட்டில் கையால் வண்ணம் தீட்டித் திரையில் காட்டுவார். ஒருவகையில் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கெல்லாம் பாட்டி. அவர் இந்தச் சமவெளிக்கு வந்தபோது சாம்ப்சன் பீவர் என்ற ஸ்டோனி நகோடாக்காரர், சிறுவயதில் தந்தையோடு போன ஓர் ஏரிக்கு வழியை நினைவிலிருந்தே வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார். அது 1907. அடுத்த வருடம் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் ஷேஃபர் மலீன் ஏரியைச் சென்றடைந்தார். இன்று ஜாஸ்பர் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் படகில் போய்ப் பார்க்கிற ஏரி. சாம்ப்சன் பீவர், அவர் மனைவி, சிறு மகள் மூவரையும் ஷேஃபர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. மூவரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவர் முகத்திலும் சிரிப்பு. அந்தக் காலத்துப் படங்களில் பழங்குடி மக்களை முறைப்பாக நிற்கவைத்து எடுப்பதுதான் வழக்கம். இது யாரோ பழகியவர் எடுத்த படம். அந்தச் சிரிப்பை நான் என் குமிழிப் படங்களுக்கு அருகே கணினியில் திறந்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் கூட்டத்தில் குழுவின் வருடாந்திரப் போட்டி. இயற்கைப் பிரிவுக்கு ஒரு குமிழிப் படத்தைக் கொடுத்தேன், தலைப்பில் 'நீர்த்தேக்கம்' என்று உண்மையை எழுதினேன். அங்கே பிடித்தது சண்டை. போட்டிகளில் இயற்கைப் படம் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்கப் புகைப்படச் சங்கம் போன்ற அமைப்புகள் ஏற்றுக்கொண்ட வரையறை ஒன்று உண்டு. மனிதன் செய்தது எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. விதிவிலக்காக, களஞ்சியத்தில் வாழும் ஆந்தை, கூரையில் கூடு கட்டும் நாரை மாதிரி, மனிதன் மாற்றிய இடத்துக்குப் பழகிக்கொண்ட உயிர்கள் இருக்கலாம். படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ எடுக்கவோ கூடாது. என் படத்தில் அணை தெரியவில்லை. ஆனால் அணை இல்லாவிட்டால் படமே இல்லை. துடைப்பக்காரர், குமிழி இயற்கை, மீத்தேன் இயற்கை, இதில் என்ன பிரச்சினை என்றார். நர்ஸம்மா, மூழ்கடித்தது யார் என்று கேட்டார். அரை மணி நேரம் ஓடியது. இத்தனை வருடம் அதே ஏரியை அதே பிரிவில் எத்தனையோ பேர் கொடுத்துப் பரிசும் வாங்கியிருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லை. தலைப்பில் நான் அந்தச் சொல்லைப் போட்டதுதான் வினை. கடைசியில் படத்தைப் பொதுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அது ஒரு முட்டைக்கோஸின் குறுக்குவெட்டுப் படத்திடம் தோற்றது. நல்ல படம் அது, குறை சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது பெரியவர் கேட்டார், மே மாதம் வருகிறாயா என்று. ஐஸ் பார்க்கிறவர்கள் யாரும் அப்போது அங்கே போவதில்லை. மலைப்பனி உருகி வருவதற்கு முன், ஏரி அடிமட்டத்தில் கிடக்கும் நேரம் அது.

இரண்டு பேர் மட்டும் போனோம். ஏரியின் மேல் முனை முழுக்கத் தரையாகக் கிடந்தது. ஜனவரியில் படுத்திருந்த இடத்துக்கு நடந்தே போக முடிந்தது, தோராயமாக அதுதான் இடம் என்று பெரியவர் சொன்னார். அப்பா கையைக் காட்டிய மாதிரியே அவரும் எங்கோ கையைக் காட்டினார். பண்ணவாடி மாதிரி எதுவும் தெரியவில்லை. கோபுரமில்லை, நந்தியில்லை. இங்கே வாழ்ந்தவர்கள் கல்லில் கட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர். வெளிர்சாம்பல் வண்டல், மாவு மாதிரி நுண்ணியது, கண்ணுக்கு எட்டியவரை. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நான் போனை எடுத்து அம்மாவுக்குக் காட்டலாம் என்று பார்த்தேன், சிக்னல் இல்லை.

மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. ஜனவரியில் பனியைப் பெருக்கிய அதே காற்று, இப்போது வண்டலை அள்ளிக்கொண்டு சுவராக வந்தது. லென்ஸ் மாற்றக் கூடாத நேரம். மாற்றினேன். மலை மறைவதற்குள் நாற்பது படம் எடுத்துவிட்டு, காருக்குள் ஓடி, இரண்டு பேரும் அரை மணி நேரம் இருமினோம்.

"நந்தி கெடைச்சுதா கண்ணு?" என்று அம்மா இரவு கேட்டார். இல்லை என்றேன்.

படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நாற்பதிலும், வானத்தின் வலப்பக்க மூலையில், ஒரே இடத்தில், பதினொரு மங்கலான புள்ளிகள். சென்சாரில் தூசி. கடையில் கொடுத்துக் கேமராவைச் சுத்தம் செய்துவிட்டேன். படத்தில் இருக்கும் புள்ளிகளை நீக்குவதற்குப் போட்டி விதி தடை சொல்லவில்லை, எதையும் எடுக்கக் கூடாது என்கிற அதே விதியில் தூசிப் புள்ளியை மட்டும் எடுக்கலாம் என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. நாற்பது படமும் புள்ளியோடு அப்படியே கிடக்கின்றன.